மிச்சம்

தமிழில் ‘மிச்சம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. செலவுபோகக் கையில் நிற்கும் பணம் மிச்சம். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியின் அடியில் கிடப்பதும் மிச்சம். நான் பிறந்த வீட்டிலும் வாழப்போன வீட்டிலும் முதல் மிச்சம் ஆண்களின் கணக்கில் இருந்தது. இரண்டாவது மிச்சம் பெண்களின் தட்டுக்கு வந்தது. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது, 2022 ஜூனில் குடும்பத்தோடு சிங்கப்பூருக்குக் குடிபோன பிறகுதான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

என் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூர். கோட்டாட்சியர் அலுவலகம், பேருந்து நிலையம், பள்ளிக்கூடங்கள் எல்லாம் இருக்கும் ஊர்தான். டீக்கடைகளும் பரோட்டாக் கடைகளும் இருக்கின்றன. ஆனால் அந்தக் கடைகளின் பெஞ்சில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து டீ குடிப்பதை நான் பார்த்ததில்லை. பெண்களுக்கு ‘பார்சல்’ உண்டு. கடைக்கு வெளியே, ரோட்டோரமாக ஒதுங்கி நின்று, பொட்டலம் வந்ததும் வாங்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். ஆண் கடையில் சாப்பிட்டால் அது பசி. பெண் கடையில் சாப்பிட்டால் அது நாக்கு. “அவளுக்கு நாக்கு நீளம்” என்ற பேச்சு சாப்பாட்டைப் பற்றியது மட்டுமில்லை என்பது நமக்கெல்லாம் தெரியும்.

எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஓரிரு முறை வெளியில் சாப்பிட்டிருக்கிறோம். விராலிமலைக்கு முருகனைப் பார்க்கப் போனால், திருச்சிக்குத் துணி எடுக்கப் போனால். அப்போதும் அம்மா பாதி தோசையோடு எழுந்துவிடுவார். “எனக்குப் போதும், வீட்ல மாவு இருக்கு” என்பார். வீட்டிலிருக்கும் மாவு அவருக்குக் கடையிலும் நினைவிருந்தது.

திருச்சி விமான நிலையம் எங்கள் ஊரிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து சிங்கப்பூர் நான்கு மணி நேரம்தான். புதுக்கோட்டைச் சீமையில் சிங்கப்பூருக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. ஆனால் போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள், தனியாகப் போனவர்கள். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் தொழிலாளி மனைவி மக்களை அங்கே அழைத்துக்கொண்டு வாழ முடியாது. உயர்வகை வேலை அனுமதியும் மாதம் குறைந்தது 6,000 வெள்ளி சம்பளமும் இருந்தால்தான் அந்த உரிமை. டாலரை அங்கே வெள்ளி என்பார்கள். என் கணவர் படித்த படிப்புக்கு அந்தச் சம்பளம் கிடைத்தது. அதனால் நானும் ஏழு வயது மகளும் கூடவே போனோம்.

போனவுடன் வீடு கிடைக்கவில்லை. முதல் 14 நாள் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் கம்பெனி இடம் கொடுத்திருந்தது. அறையில் ஒரு மின்கெட்டில் மட்டும் இருந்தது, அடுப்பு இல்லை. மூன்று வேளையும் தேக்கா நிலையத்தில் சாப்பிட்டோம். கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் மீனும் இறைச்சியும் காய்கறியும் விற்கும் சந்தை, இன்னொரு பக்கம் வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். தோசைக் கடைக்கு அடுத்து பிரியாணிக் கடை, அதற்கடுத்துச் சீனர் கடை, நடுவே பொதுவான மேசைகள். யார் வேண்டுமானாலும் எந்தக் கடையிலும் வாங்கி எந்த மேசையிலும் உட்காரலாம். மகள் மீ கோரெங், நான் தோசை, அவர் பரோட்டா. மூன்று தட்டும் ஒரே நேரத்தில் மேசைக்கு வந்தன. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில், பிரசவத்துக்குப் படுத்த நாட்களைத் தவிர்த்தால், நான் அடுப்புப் பக்கம் போகாத முதல் 14 நாள் அவை. தோசை சூடாக இருக்கும்போதே கடைசி வாய்வரை நான் சாப்பிட்டு முடித்த நாட்களும் அவைதான்.

15ஆம் நாள் அங் மோ கியோவில் வாடகை வீட்டுக்குப் போனோம். வீடு தேடும்போதே சமையலைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். சில விளம்பரங்களில் ‘இந்தியர்களுக்கு இல்லை’ என்று இருந்தது. சிலவற்றில் ‘லைட் குக்கிங் மட்டும்’ என்று இருந்தது. தாளிப்பு, வறுவல், கருவாடு கூடாது என்பதன் நாகரிகமான வடிவம் அது. கடைசியில் சமையலுக்குத் தடை சொல்லாத ஒரு வீடு கிடைத்தது. அந்தச் செய்தியை ஊருக்குச் சொன்னபோது அத்தை, என் மாமியார், “அப்பாடா, இனிமே எம்புள்ள வாய்க்கு ருசியா திங்கும்” என்றார்.

“ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை” என்பது எங்கள் ஊரில் பிறந்தவர்களைக் கேலி செய்யவே ஆன பழமொழி. வெளிநாட்டுக்குப் போனால் அப்படித்தான் எதையாவது எதற்காவது பதிலாகப் போட்டுச் சமைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். தேக்காவில் முருங்கைக்காய், கறிவேப்பிலை, பொன்னி அரிசி, கருவாடு, அரைத்த மாவு, வாழையிலை எல்லாம் கிடைத்தன. எதுவும் கிடைக்காமல் போயிருந்தால் எனக்குச் சமைக்காமலிருக்க ஒரு சாக்காவது இருந்திருக்கும்.

அப்போதுதான் பெருக்கல் தொடங்கியது. புதிதாக வெளிநாடு போன குடும்பங்களுக்கு இந்தப் பெருக்கல் நோய் தெரியும். அன்றைக்கு ஒரு வெள்ளிக்கு 56, 57 ரூபாய். மூன்று பேர் இரவு வெளியில் சாப்பிட்டால் 18 வெள்ளி. “ஆயிரம் ரூவா! இலுப்பூர்ல ஒரு வாரத்துக்குக் காய்கறி வாங்கலாம்” என்பார் என் கணவர். கோபமாகச் சொல்ல மாட்டார், வியப்பாகத்தான் சொல்வார். ஆனால் அந்த வியப்பு நேராக என் கைக்கு வந்து கரண்டியைக் கொடுக்கும். “வீட்லயே செஞ்சா மிச்சம்.” இந்த வாக்கியத்துக்கு எழுவாய் கிடையாது. யார் செய்தால் மிச்சம் என்று அதில் இல்லை.

நான் ஊரில் ஒரு தனியார் பள்ளியில் ஆறு வருடம் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். சிங்கப்பூரில் கணவரைச் சார்ந்து வந்தவளுக்கான அனுமதிச்சீட்டு என்னுடையது. முன்பு அந்தச் சீட்டு வைத்திருப்பவர்கள், வேலை கொடுப்பவர் எடுத்துத் தரும் ஓர் இசைவுக் கடிதத்தோடு வேலைக்குப் போகலாம். 2021 மே 1 முதல் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. வேலைக்குப் போக வேண்டுமானால் நானே தகுதிபெற்றுத் தனி வேலை அனுமதி எடுக்க வேண்டும். பாலினம் பற்றி அந்த விதியில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் எங்கள் அடுக்குமாடியில் அதே சீட்டோடு நான் சந்தித்த எட்டுப் பேரில் எட்டுப் பேரும் பெண்கள். ஒருவர் பல் மருத்துவர், ஒருவர் வங்கியில் இருந்தவர். எல்லோரும் ஊரில் இருந்ததைவிட அதிகமாகச் சமைத்தோம். ஊரில் மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா என்று பங்கு போட்டுக்கொள்ள நான்கு கைகள் உண்டு. இங்கே ஒருத்தி மட்டும். “சும்மாதானே இருக்கே” என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, அனுமதிச்சீட்டே சொல்லிவிடும்.

தினமும் சாயங்காலம் ஊரிலிருந்து வீடியோ அழைப்பு வரும். அத்தையின் முதல் கேள்வி, “என்னத்தா ஆக்குன?” அன்பான கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று வருடத்தில் அந்தக் கேள்வி ஒருமுறைகூட அவர் மகனிடம் கேட்கப்படவில்லை. அவரிடம் கேட்பது, “சாப்பிட்டியாய்யா?” ஒருவருக்குச் சாப்பிடுவது வினை, இன்னொருவருக்குச் சமைப்பது வினை. இலக்கணம் இங்கேயும் சரியாக வேலை செய்கிறது.

என் கணவரின் சித்தப்பா சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் 18 வருடம் வேலை பார்த்தவர். நான் சின்ன மாமா என்று கூப்பிடுவேன். ஊருக்கு விடுமுறையில் வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்தபடி “தண்ணி” என்பார். பானை அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும். சின்னத்தை கொல்லைப்புறத்திலிருந்து ஓடி வந்து மோந்து கொடுப்பார். குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார்.

சிங்கப்பூரில் அவரோடு தங்கியிருந்த ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் சந்தித்தோம். பேச்சோடு பேச்சாக அவர் சொன்னார்: “அண்ணன் வச்ச மீன் கொழம்பு மாதிரி நான் இன்னைவரைக்கும் சாப்பிட்டதில்ல. எங்க ரூம்ல 12 பேருக்கும் அவர்தான் மாஸ்டர். காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு சோறு வடிச்சு டப்பாவுல போட்டுருவாரு.” நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பிறகு விசாரித்தால் இது ஒரு சின்ன மாமாவின் கதை இல்லை. தொழிலாளர் விடுதிகளில் உணவு ஒப்பந்தக்காரர்கள் கொடுக்கும் பொட்டலச் சோறு முந்தைய இரவே கட்டப்படும். மதியம் பிரிக்கும்போது ஊசிப்போயிருக்கும் என்பது பழைய குறை. அதனால் பலர் விடுதியின் பொதுச் சமையலறையில் முறை வைத்துச் சமைக்கிறார்கள். வெங்காயம் நறுக்க ஒருவர், பாத்திரம் கழுவ ஒருவர், அட்டவணை சுவரில். எங்கள் மாவட்டத்து ஆண்களில் எத்தனையோ பேர் கடல் தாண்டி வந்து நல்ல சமையற்காரர்களாக ஆகியிருக்கிறார்கள். விமானம் திருச்சியில் இறங்கியதும் அந்தக் கை மறந்துபோகிறது. சமையல் தெரியாதது அல்ல சிக்கல். மனைவி இருக்கும் இடத்தில் தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை என் வீட்டுக்குப் பொருத்திப் பார்த்தேன். மாதம் 6,000 வெள்ளிக்கு மேல் சம்பாதித்தால் மனைவியை அழைத்து வரலாம். மனைவியை அழைத்து வந்தால் சமைக்க வேண்டாம். ஓர் ஆண் வாங்கும் சம்பள உயர்வில் ஒரு பெண்ணின் சமையலும் அடங்கியிருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் ஓர் உணவங்காடி நிலையம் இருந்தது. சிங்கப்பூரில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்டவை அரசுப் பொறுப்பில் இருக்கின்றன. 1960களின் இறுதியில் தெருக்களில் தள்ளுவண்டியும் கூடையுமாக விற்றுக்கொண்டிருந்தவர்களைப் பதிவு செய்து, 1971 முதல் 1986 வரை கட்டிய நிலையங்களுக்குள் குடியேற்றினார்கள். தண்ணீர்க் குழாய், சாக்கடை, மின்சாரம், பொது மேசை கொடுத்தார்கள். 2020 டிசம்பரில் இந்த உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பண்பாடு என்று பேசுபவர்கள் சுவையைப் பற்றிப் பேசுவார்கள். நான் கவனித்தது வேறு. ஒரு மத்தியான நேரம், அலுவலக உடையில் ஒரு பெண் தனியாக வந்தாள். மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்தாள். இடம் பிடித்துவிட்டேன் என்பதற்கு அங்கே அதுதான் துண்டு. போய் மீன் சூப்பும் சோறும் வாங்கி வந்து, போனைப் பார்த்தபடி, யாரையும் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்து போனாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு நாக்கு நீளம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பொது மேசைகளில் எதிரே யார் உட்காருகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே போய் ஆறு மாதத்தில், 2022 டிசம்பரில், எங்கள் பக்கத்து வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட செய்தி வந்தது. விசாரிக்கப் போன இடத்தில், பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்திருப்பதாகவும் புகார் எழுந்து வழக்கானது. அன்று இரவு உணவங்காடி நிலையத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரியான தட்டுகள் அடுக்கியிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊர் டீக்கடைப் பெஞ்சு பெண்ணுக்கு மட்டும் மறுக்கப்பட்டதில்லை. ‘வெளிச்சாப்பாடு ஆகாது’ என்று பெரியவர்கள் சொன்னதில் சுத்தம் மட்டும் இல்லை, யார் ஆக்கியது, யார் தொட்டது என்ற கேள்வியும் இருந்தது. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் வீட்டுப் பெண்ணின் கையால்தான் எல்லாம் ஆக வேண்டும் என்று வைத்தார்கள். சாதியின் சுத்தத்தைக் காக்கும் வேலையும் அடுப்படியில் நிற்பவள் தலையில்தான் விழுந்தது.

உணவங்காடியில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு சட்டம். 2021 செப்டம்பர் 1 முதல், சாப்பிட்டவர் தன் தட்டையும் குப்பையையும் தானே எடுத்துக்கொண்டு போய் அதற்கான அடுக்கில் வைக்க வேண்டும். முதல்முறை தவறினால் எழுத்துமூல எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி அபராதம். என் கணவர் 37 வயதில் தன் எச்சில் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு நடந்ததை முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன். முகத்தில் சங்கடம் எதுவும் இல்லை. எல்லா ஆண்களும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், அவரும் நடந்தார். வீட்டுக்கு வந்தால் பழையபடி தட்டிலேயே கைகழுவிவிட்டு எழுந்தார். மகள்தான் கேட்டாள்: “அப்பா, வீட்ல ஃபைன் இல்லையா?” அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அதற்காகச் சிங்கப்பூரைச் சொர்க்கம் என்று எழுதப் போவதில்லை. அந்தத் தட்டுகளை அடுக்கிலிருந்து எடுத்துக் கழுவுபவர்களில் பலர் எழுபதைத் தாண்டிய கிழவர்கள், கிழவிகள். பின்னிரவுவரை கூன் விழுந்த முதுகோடு மேசை துடைப்பார்கள். இரண்டு பேருமே வேலைக்குப் போகும் வீடுகளில் அடுப்பை ஏற்றுவது பல நேரம் இன்னொரு நாட்டுப் பெண். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மியன்மார், இலங்கை, நம் தமிழ்நாடு. வாரம் ஒருநாள் ஓய்வு என்ற சட்டம் அவர்களுக்கு 2013இல்தான் வந்தது. அதையும் பணமாக வாங்கிக்கொண்டு வேலை செய்யலாம் என்று ஒரு வழி விட்டிருந்தார்கள். மாதத்தில் ஒரு நாளையாவது கட்டாயமாக விட்டே ஆக வேண்டும் என்று ஆனது 2023 ஜனவரியில். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சுக் கொடுத்த பெண், அறந்தாங்கிப் பக்கம். வீட்டு வேலைக்கு வந்து ஐந்து வருடமாம். “இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?” என்றேன். “எதுவோ சாப்பிட்டேன் அக்கா. என்னன்னு முக்கியமில்ல. அடுத்தவங்க ஆக்கிப்போட்டு நான் ஒக்காந்து திங்குற நாளு இது ஒண்ணுதான்” என்றார். ஒரு பெண் அடுப்படியிலிருந்து வெளியேறுவதற்காக இன்னொரு பெண் அதற்குள் போக வேண்டியிருந்தால் அதை விடுதலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிங்கப்பூரில் கறிக்குழம்பு ஒருமுறை நாட்டுப் பிரச்சினையாகவே ஆனது. சீனாவிலிருந்து புதிதாக வந்த குடும்பம் ஒன்று, பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை தாங்கவில்லை என்று புகார் செய்தது. சமரச மையத்தில் பேசி முடித்தார்கள். புகார் சொன்னவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைக்க இந்தியக் குடும்பம் ஒத்துக்கொண்டது, அவர்கள் சமைப்பதைத் தாங்களும் சாப்பிட்டுப் பார்ப்பதாக மற்றவர்கள் சொன்னார்கள். பழைய சம்பவம்தான், 2011 ஆகஸ்டில் பத்திரிகையில் வந்ததும் ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21ஆம் தேதி எல்லோரும் வீட்டில் ஒரு பானை கறி வைப்போம் என்று இணையத்தில் அழைப்பு விட்டார்கள். பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள், சீனர்களும் மலாய்க்காரர்களும் சேர்த்து. நல்ல செய்தி, படிக்கும்போது எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் கறி யாருடைய பண்பாடு, யாருடைய உரிமை என்று அவ்வளவு பேசியவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே போகும் நேரம் பார்த்து அவசர அவசரமாக அந்தக் கறியை வைக்கப்போவது யார் என்று கேட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை. பண்பாட்டைக் காப்பது என்று பேச்சு வரும்போதெல்லாம் வெங்காயம் உரிக்க ஒருத்தி தேவைப்படுகிறாள்.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையைக் கல்லூரியில் படித்தபோது அது ராஜஸ்தானத்துப் பெரிய வீட்டின் கதை என்று தள்ளி வைத்துப் படித்தேன். அங் மோ கியோவில் இரண்டு எட்டு வைத்தால் சுவர் இடிக்கும் அடுப்படியில் நின்றுகொண்டு மறுபடியும் நினைத்துப் பார்த்தேன். வீட்டின் அளவு மாறியிருந்தது, மூலை அப்படியே இருந்தது.

நான் கணக்கு டீச்சர். அழுவதைவிட எழுதி வைப்பது எனக்கு எளிது. 2023 பிப்ரவரி மாதம் முழுக்க ஒரு நோட்டில் எழுதினேன். மளிகை, காய், மீன், எரிவாயு, எல்லாம் சேர்த்து 620 வெள்ளி. அதே வேளைகளையெல்லாம் வெளியில் சாப்பிட்டிருந்தால் ஏறக்குறைய 1,350 வெள்ளி. ஆக மிச்சம் 730. இதுவரைக்கும் என் கணவர் போடும் கணக்கும் இதுதான். நான் அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டேன், நேரம். கடைக்குப் போனது, நறுக்கியது, சமைத்தது, டப்பா கட்டியது, பாத்திரம் தேய்த்தது, அடுப்பு துடைத்தது எல்லாம் சேர்த்து 105 மணி நேரம். 730ஐ 105ஆல் வகுத்தால் மணிக்கு ஏழு வெள்ளிகூட இல்லை. அந்த மாதம் எங்கள் புளோக்குக்குக் கீழே ஒரு கடையில் தட்டு கழுவ ஆள் தேவை என்று ஒட்டியிருந்தார்கள், மணிக்கு 10 வெள்ளி. அந்த வேலைக்குக்கூட என் சீட்டு என்னை விடாது.

இது என் வீட்டுக் கணக்கு மட்டுமில்லை. 2019இல் இந்தியா முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடும் சராசரி நேரம் 299 நிமிடம் என்று வந்தது. ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்வதாகச் சொன்ன ஆண்களின் சராசரிதான். நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்கள் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை.

நோட்டைக் கணவரிடம் காட்டினேன். கூட்டல் சரியா என்று முதலில் பார்த்தார். பொறியாளர் புத்தி. சரியாக இருந்தது. பிறகு, “வீட்டுச் சாப்பாடு உடம்புக்கு நல்லதில்லையா?” என்றார். “நல்லதுதான். மூணு பேர் உடம்புக்கும் நல்லது. அதுக்கு ஏன் ஒரு உடம்பு மட்டும் நிக்கணும்?” என்றேன். அன்றைக்குப் பேச்சு அதோடு நின்றது. இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் அமைதி. மூன்றாம் நாள் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் போட்டார். கழுவவில்லை. எங்கள் வீட்டில் சட்டம் அமலுக்கு வந்த தேதியாக அதைத்தான் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

பிறகு பேசிப் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். புதன், வெள்ளி இரவு உணவங்காடியில். எனக்கு வேண்டியதை நானே போய்ச் சொல்லி வாங்குவேன், எனக்கென்று தனித் தட்டு. மகள் வைத்த மிச்சத்தை நான் சாப்பிட்டு முடிப்பது இனி இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சமையல் அவருடையது.

முதல் ஞாயிறு ரசம் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு என்னிடம் கேட்டார். நான் சொல்லித் தரவில்லை. சொல்லிக் கொடுத்துக்கொண்டே பக்கத்தில் நிற்பதும் சமையல்தான், அதற்கும் நேரம் எழுத வேண்டியிருக்கும். அவர் இலுப்பூருக்குப் போன் போட்டார். அம்மாவுக்கு இல்லை, சித்தப்பாவுக்கு. எதிர்முனையில் சின்ன மாமா முதலில் மழுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். “புளிய ரொம்பக் கரைக்காத. தக்காளியக் கையாலயே பிசைஞ்சு விடு. பொங்கி வர்றப்ப எறக்கிரு, தளதளன்னு கொதிக்க விட்டா செத்துப்போகும்...” போன் ஸ்பீக்கரில் இருந்தது. அந்தப் பக்கம் பின்னாலிருந்து சின்னத்தையின் குரல் கேட்டது.

“ஏங்க, இம்புட்டும் தெரிஞ்சுக்கிட்டா இத்தனை வருசமா தண்ணி மோந்து குடுன்னு உக்காந்திருந்தீங்க?”

சின்ன மாமா இணைப்பைத் துண்டித்துவிட்டார். ரசம் நன்றாகவே வந்தது. ஆனால் அந்தக் கேள்வி இலுப்பூரில் அந்த வீட்டோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் என் அம்மா கூப்பிட்டபோது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தெருவில் யார் வீட்டில் சிங்கப்பூர் ரிட்டர்ன் இருக்கிறாரோ அந்த வீட்டிலெல்லாம் இப்போது மனைவிமார் விசாரணை நடத்துகிறார்களாம்.

ஊரிலேயே இருக்கும் என் தங்கை ஒன்று சொன்னாள். அவள் மகன் அரசு தொடக்கப் பள்ளியில் படிக்கிறான். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எங்கள் பக்கமும் வந்தது. “காலையில ஒரு அடுப்பு குறைஞ்சுச்சுக்கா. அந்த அரை மணி நேரம் நான் உக்காந்து டீ குடிக்கிறேன், சூடா.” 1982 முதல் சத்துணவு, 2013 முதல் அம்மா உணவகம், இப்போது காலை உணவு. பசியைத் தீர்த்த திட்டங்களாகத்தான் இவற்றைப் பேசுகிறோம், அது சரிதான். அதோடு, வீட்டுக்கு வெளியே ஒரு பொது அடுப்பு எரியும்போது வீட்டுக்குள் ஒரு பெண்ணுக்குத் திரும்பக் கிடைக்கும் நேரத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். அந்தப் பொது அடுப்பில் நிற்பவர்களும் பெண்கள்தான். ஆனால் அங்கே அவர்கள் வேலைக்கு ஒரு வருகைப் பதிவேடு இருக்கிறது, கூலி இருக்கிறது, கூலி போதவில்லை என்று சேர்ந்து கேட்க ஒரு வழி இருக்கிறது. வீட்டு அடுப்படியில் அதில் எதுவும் கிடையாது.

சமைப்பது எனக்குப் பிடிக்கும். மழைநாளில் கொள்ளுத் துவையல் அரைத்து, கருவாட்டை மொறுமொறுவென்று வறுத்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாங்கள் மூவரும் சாப்பிடும்போது அங் மோ கியோ இலுப்பூராகிவிடும். அந்த ஆசையையும் கடமையையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறிவிட்டதால்தான், எது என் விருப்பம், எது என் மேல் வைத்தது என்று பிரித்துப் பார்க்க எனக்கு இவ்வளவு நாளாயிற்று. பிரித்துப் பார்க்க ஒரு நோட்டும் பேனாவும் உதவின. இதைப் படிக்கும் தங்கைகள், ஹாஸ்டலில் இருப்பவர்கள், நாளை விமானம் ஏறப் போகிறவர்கள், ஒரே ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். அம்மாவுடையதையும் சேர்த்து எழுதுங்கள்.

எங்கள் நோட்டில் இப்போது நேரத்துக்கு இரண்டு பத்திகள் இருக்கின்றன. போன மாதம் என்னுடையது 68 மணி, அவருடையது 19. சமமில்லை. அடுத்த மாதம் அத்தையும் மாமாவும் முதல்முறையாக எங்களோடு தங்க வருகிறார்கள். “அவங்க இருக்கிறவரைக்கும் நோட்டை உள்ளே எடுத்து வச்சிரலாமா?” என்று கணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அடுப்பு மேடையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், பேனாவோடு, அது அங்கேயே இருக்கும்.